ஹூடி போட்டால் வில்லனா?
இங்கிலாந்தில் ஏ லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) மீடியா படிக்கும் பிள்ளைகள் எடுத்த த்ரில்லர் படத் தொடக்கங்களை நேற்று ராத்திரி யூடியூபில் வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் இரண்டே நிமிடம்தான். அதற்குள் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று புரியவைக்க வேண்டுமே, அதனால் உடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்: காட்டுக்குள் மூச்சு வாங்க ஓடுகிற பெண், பின்னால் முகம் தெரியாமல் ஹூடி (தலையை மூடும் தொப்பி வைத்த மேல்சட்டை) போட்ட பையன். 2005இல் கென்ட்டில் புளூவாட்டர் மால் ஹூடி போட்டு வரக்கூடாது என்று தடையே போட்டது, ஹூடி போட்டவன் ரவுடி என்கிற அந்தப் பயம் இன்னும் விடவில்லை போல. இத்தனைக்கும் கேமரா பிடிக்கிற பையனும் ஹூடிதான் போட்டிருப்பான்! ஒன்றில் மட்டும் ஓடிய பெண் சட்டென்று நின்று திரும்புகிறாள், கையில் கத்தி. துரத்தியவன் நீட்டுவதோ அவள் தவறவிட்ட செல்போன். நான் நன்றாக ஏமாந்தேன்.