பைன் கூம்புச் செதில் மாதிரி மரமே வளையும் மடல்: இதுவரை செய்து பார்த்தது

பைன் கூம்பு காய்ந்தால் விரியும், நனைந்தால் மூடிக்கொள்ளும். மரத்திலிருந்து உதிர்ந்து எத்தனை காலம் ஆனாலும் அந்த வேலை நிற்பதில்லை. செதிலின் வெளிப்பக்கத்தில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஏறக்குறையக் குறுக்காக ஓடுகின்றன, உட்பக்கத்தில் பெரும்பாலும் நீளவாக்கில். ஈரம் ஏறினால் மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கேதான் பருக்கும். ரேகையோடு நீள்வது அற்பம். அதனால் வெளிப்பக்கம் நீள, செதில் உள்நோக்கி வளைகிறது. உணரி, மோட்டார், கீல் மூன்றும் ஒரே துண்டு. மின்சாரமே இல்லாமல் ஈரப்பதத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் காற்றுமடல் ஒன்றை இதே முறையில் செய்வதுதான் நோக்கம்.

முதல் சுற்று

0.6 மி.மீ. பீச் (ஒரு கடின மரம்) வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, இரண்டு, 100 × 60 மி.மீ., ரேகைகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. வெள்ளைப் பசை இதற்கு உதவாது. பசையில் உள்ள தண்ணீர் ஒட்டும்போதே தகட்டைப் பருக்க வைத்துவிடும், காய்ந்ததும் மடல் கோணிக்கொள்ளும். மெதுவாக இறுகும், தண்ணீர் கலக்காத எபாக்சிப் பசைக்கு மாறியதும் அது தீர்ந்தது. ஆனால் ஈரத்தில் வைத்தால் மடல் சுருளாமல் குதிரைச் சேணம் போல ஆனது. இரண்டு தகடும் ஒரே தடிமன் என்பதால் நீளவாக்கில் ஒன்று வளைக்க, அகலவாக்கில் மற்றது எதிர்ப்பக்கம் அதே பலத்தோடு வளைக்கிறது. அகலத்தை 20 மி.மீ. ஆக்கியதும் நீளவாக்கு வளைவு ஜெயித்தது. அந்த வளைவுக்குத்தான் பலமே இல்லை, விரல் பட்டால் நிமிர்ந்துவிடும்.

தடிமன் விகிதம்

விஷயமே இங்கேதான். சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டைக்கு (இரண்டு உலோகத் தகடு ஒட்டியது) பொறியியலாளர் டிமோஷென்கோ 1925இல் தந்த சூத்திரம் மரத்துக்கும் பொருந்தும். ரேகையோடு மரத்தின் விறைப்பு, குறுக்கே உள்ளதைப்போல் சுமார் 20 மடங்கு என்று வையுங்கள். 20இன் வர்க்கமூலம் சுமார் 4.5. பருக்கும் தகட்டைவிடப் பிடித்து நிறுத்தும் தகடு அத்தனை மடங்கு மெல்லியதாக இருந்தால்தான் முழு வளைவு கிடைக்கும். கையில் உள்ள தகடுகளுக்கு வசதியாக 4 என்று வைத்தோம்: 2 மி.மீ. பீச் (ரேகை குறுக்கே), 0.5 மி.மீ. ஸ்ப்ரூஸ் என்ற மென்மரம் (ரேகை நீளவாக்கில்).

கணக்கில் வந்தது ஆச்சரியம். ஈரப்பதம் 33இலிருந்து 75 சதவீதத்துக்கு ஏறினால் பழைய 1.2 மி.மீ. பட்டைக்கும் புதிய 2.5 மி.மீ. பட்டைக்கும் வளைவு ஆரம் ஒன்றுதான், சுமார் 6 செ.மீ. தள்ளும் பலமோ ஏறக்குறைய ஆறு மடங்கு. சேணமும் போய்விடுகிறது, அகலமான மடல் வெட்டலாம். இதற்கு விலை வேகம். ஈரம் உள்ளே இறங்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறுவதால் புதியது நாலு மடங்குக்கு மேல் மெதுவானது. வேகம் வேண்டுமென்றால் விகிதத்தை மாற்றாமல் இரண்டு தகட்டையும் சேர்த்தே மெலிதாக்குங்கள்.

செய்முறை

காற்றின் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்த இறுக மூடும் டப்பா இரண்டு, ஒன்று உலர், ஒன்று ஈரம். உலர் டப்பாவில் மக்னீசியம் குளோரைடு உப்பைத் தண்ணீரில் குழைத்த கூழ் (25 டிகிரியில் 33 சதவீதம்), மற்றதில் சாப்பாட்டு உப்புக் கூழ் (75 சதவீதம்). கரையாத உப்பு அடியில் எப்போதும் தெரிய வேண்டும், இல்லையென்றால் அளவு நிற்காது. உலர் டப்பாவில் தகடுகளை எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து, எடுத்த கையோடு எபாக்சி தடவி, இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே கிளாம்ப் போடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் காயும்போது பீச் குறுக்கே இழுபட்டு ரேகையோடு மயிரிழை வெடிப்பு விடும். உலர்நிலையில் ஒட்டினால் அது அமுக்கத்தில்தான் வேலை செய்யும், அதைத் தாங்கிக்கொள்ளும்.

ரேகை நாலைந்து டிகிரி சாய்ந்தாலே பட்டை திருகிக்கொள்ளும். மந்தாரை நெற்று வெடிக்கும்போது திருகுவதும் இதே காரணத்தால்தான். அங்கே இழைகள் 45 டிகிரி சாய்வில் இரு பக்கமும் ஓடுகின்றன. மடலுக்கு இந்தத் திருகல் ஆகாது. பட்டையை வெட்டும் முன் தகட்டின் ஓரத்தில் ஒரு நார் கிழித்துப் பாருங்கள், அது போகும் திசைதான் உண்மையான ரேகை. மேற்பரப்பின் கோடுகள் ஏமாற்றும்.

வளைவு கணக்கைவிடக் குறைவாகவே வருகிறது. ஈர மரம் இளகி அமுங்கிக் கொடுப்பதும், பசை நாருக்குள் இறங்கி ஒரு பகுதியைப் பூட்டிவிடுவதும் காரணம். முதல் சில ஈர-உலர் சுற்றுகளில் பட்டை பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதுமில்லை. அதனால் மடல் மூடும் இடத்துக்கான கோட்டை நாலைந்து சுற்று ஓடவிட்ட பிறகே சட்டத்தில் குறிக்கிறோம்.