பர்னாந்து பிறந்த ஊரில் இரண்டரை நாள்

பதுவை அந்தோணியார் பதுவையில் பிறக்கவில்லை என்பது எனக்கு நாற்பத்தேழு வயது வரை தெரியாது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். செவ்வாய்க்கிழமை ஆனால் அவருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றாமல் அம்மா வாயில் சோறு வைக்க மாட்டாள், ஊருக்குப் போகிற வருஷமெல்லாம் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகாமல் மும்பை ரயில் ஏறியதில்லை, அப்படி இருந்தும் தெரியாது. சொன்னது என் மகள். ஜெர்மனியில் கொலோனில் படிக்கிறாள். போன அக்டோபரில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, நீங்க ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போய்ட்டு வாங்கம்மா, இங்கேயிருந்து மூணு மணி நேரம்தான், அந்தோணியார் பிறந்த ஊர்" என்றாள். பாரிஸ் போகலாம் என்றிருந்த இவர் அதைக் கேட்டதும் மனசு மாறிவிட்டார். ஷெங்கன் விசா இருந்ததால் தனியாக எதற்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அப்படித்தான் லிஸ்பன்.

அல்ஃபாமா பகுதியில் மூன்றாவது மாடியில் அறை எடுத்திருந்தோம். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரப் பாட்டிக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை வந்தால் அதிகம். இவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்து "ஃபெர்னாந்து!" என்றார். இவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளிச் சான்றிதழிலிருந்து ஆதார் வரை எல்லாவற்றிலும் இவர் ஃபெர்னாண்டோ, மும்பை ஆபீஸிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் இவருடைய கடற்கரை ஊரான மணப்பாட்டில் இவருடைய ஆச்சி சாகும்வரை சொன்னது பர்னாந்துதான். படிக்காத கிழவி கொச்சையாகச் சொல்கிறாள் என்று சின்ன வயதில் நினைத்தாராம். போர்ச்சுகல்காரர்கள் கடைசி ஓவை உ என்றுதான் சொல்கிறார்கள், 'ட'வை அழுத்துவதில்லை. ஆச்சி சொன்னதுதான் சரி. இன்னொன்றும் தெரிந்தது, போர்ச்சுகலில் ஃபெர்னாந்து என்பது ஆளின் சொந்தப் பெயர், குடும்பப் பெயராக வைத்தால் ஃபெர்னாந்தெஷ் ஆகிவிடும். அதனால் பாட்டி மூன்று நாளும் இவரை மகனைக் கூப்பிடுவது போல 'ஃபெர்னாந்து' என்றே கூப்பிட்டார். என்னைச் சும்மா சிரித்துத் தட்டிக் கொடுத்ததோடு சரி.

அப்புறம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கையில் சாவியைக் கொடுத்து "ஷாவ்". தெருவைப் பார்த்த பக்கம் திறந்து காட்டி "ஜனெலா". உள்ளே இரண்டடி அகலத்துக்கு ஒரு அடுப்பங்கரை, "குசிஞ்ஞா". நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜன்னல், சாவி எல்லாரும் சொல்வது, அடுப்பங்கரையைக் குசினி என்று இன்றைக்கும் எங்கள் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள். பாட்டிக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல் இவர் ஜன்னலைத் தொட்டுக் காட்டி "தமிழ்ல ஜன்னல், ஜன்னல்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் அவரும் "ஜன்னல்" என்று சொல்லிப் பார்த்தார்.

எங்கள் ஆட்கள், தூத்துக்குடிக் கடற்கரைப் பரவர்கள், 1530களில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். முத்துக்குளிப்பதில் தகராறு, கடலில் பாதுகாப்பு இல்லை, போர்ச்சுகீசியர்கள் காவலுக்கு வந்தார்கள், ஊர் ஊராக மதம் மாறினார்கள், பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது என்று பெயர்களும் வந்தன. இது சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்தப் பெயரை அதன் சொந்த ஊரில் ஒருவர் வாயால் கேட்பது வேறு.

மறுநாள் காலை அந்தோணியார் கோயில். பெரிய கதீட்ரலுக்குக் கொஞ்சம் கீழே, டிராம் திரும்புகிற இடத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் சுமாரான அளவுதான். உள்ளே ஒரு பக்கமாக நடந்து படி இறங்கினால் நிலவறை. அங்கேதான் அவர் பிறந்த வீடு இருந்தது என்கிறார்கள், 1195இல். 1755 நிலநடுக்கத்தில் மேலே இருந்த கோயில் விழுந்தபோதும் இந்த நிலவறை தப்பித்தது. போகிற வழியில் இரண்டாம் ஜான் பால் 1982இல் வந்து ஜெபித்ததை ஓட்டில் வரைந்து பதித்திருக்கிறார்கள். நிலவறையில் பத்துப் பேர் நின்றால் இடிக்கும். சின்ன பீடம், கல், அவ்வளவுதான். ஒரு இளம்பெண் முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தாள், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு உவரிதான் ஞாபகம் வந்தது.

அங்கே தெரிந்துகொண்ட விஷயம்தான் என்னை உலுக்கியது. அவருடைய ஞானஸ்நானப் பெயர் அந்தோணி இல்லை. ஃபெர்னாந்து. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி என்று மாற்றிக்கொண்டார். பக்கத்து கதீட்ரலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், இவர் அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

லிஸ்பன்காரர்களுக்கு அவர் கல்யாணம் முடித்துவைக்கிறவர். ஜூன் 13 திருநாளை ஒட்டி நகராட்சியே ஜோடிகளுக்கு அவர் பெயரில் கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் இருக்கிறது, தெருவெல்லாம் சாளை மீன் சுடுவார்களாம். உவரியில் அவர் பேயோட்டுகிறவர், தொலைந்ததைத் தேடித் தருகிறவர், கோடி அற்புதர். கப்பலில் கொள்ளைநோய் வந்து தவித்த மாலுமிகள் அவர் சுரூபத்தைச் செதுக்கி வேண்டிக் குணமாகி உவரியில் விட்டுப் போனார்கள் என்பது எங்கள் ஊர்க் கதை. அம்மாவுக்கு வீடியோ காலில் நிலவறையைக் காட்டினேன். "எங்க பொறந்தா என்ன, இருக்கது உவரியிலதான" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் மண்ணு எடுத்துட்டு வாட்டி" என்றாள். எல்லாம் கல் தளம், மண்ணுக்கு எங்கே போவது.

அங்கிருந்து கார்மோ. இருபத்தெட்டாம் நம்பர் டிராமுக்கு மார்ட்டிம் மொனிஸில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நடந்தே போனோம் (ஏறியே ஆக வேண்டும் என்றால் காலை ஏழரைக்கு முன்னால் போங்கள், பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மும்பை தாதரில் ரயில் ஏறுவது போலத்தான்). சாந்தா ஜுஸ்தா லிஃப்டுக்கும் பெரிய வரிசை, நான் சொல்வேன், அதை விட்டுவிடுங்கள், சுற்றி மேலே நடந்தால் அதே இடத்துக்குத்தான் வருகிறது. வழுக்குகிற கல் பதித்த நடைபாதை, ரப்பர் அடி செருப்பு கட்டாயம் வேண்டும், இவருடைய முட்டிக்காக இருபது அடிக்கு ஒருமுறை நின்றோம்.

கார்மோ மடத்துக் கோயிலுக்குக் கூரை கிடையாது. தூண்கள் நிற்கின்றன, மேலே விலா எலும்பு போல வளைவுகள் நிற்கின்றன, அதற்கு மேலே வானம். 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர்கள் திருநாள், காலை ஒன்பதரை மணி தாண்டிய நேரம். ஊரே கோயிலில் பூசையில் இருந்தது. பீடத்திலெல்லாம் மெழுகுதிரி. நிலம் ஆடியது, கூரைகள் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்தன, மெழுகுதிரிகள் சரிந்து தீ பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. தப்பியவர்கள் வெட்டவெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அலை வந்தது.

இதை நான் பலகையில் படித்து இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், தண்ணீர் உள்வாங்கியது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாங்கள் மும்பை சயானில் ஒற்றை அறையில் இருந்தோம், மகள் இன்னும் பிறக்கவில்லை. இவர் மணப்பாட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், லைன் கிடைக்கவில்லை, டிவியில் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், குளச்சல் என்று ஒவ்வொரு பெயராக வருகிறது. மாலையில்தான் மாமியாரின் குரலைக் கேட்டோம். இலங்கை மறைத்துக்கொண்டதால் எங்கள் பக்கம் குறைவு. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் எத்தனை பேர் போனார்கள். பூசைக்கு வந்தவர்கள்தானே அவர்களும். கூரையில்லாத அந்தக் கோயிலில் புல் முளைத்திருக்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், நாங்கள் ஒரு கல்லில் உட்கார்ந்து அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொன்னோம். லிஸ்பனில் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அன்றைய மந்திரி பொம்பால் பிரபு கீழே திரும்பக் கட்டிய நேர்நேர் தெருக்கள், நிலநடுக்கம் தாங்குவதற்காகச் சுவருக்குள் மரக்கூண்டு வைத்துக் கட்டிய வீடுகள், எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்தால்தான் அர்த்தம் விளங்கும்.

மூன்றாம் நாள் பெலேம். ஜெரோனிமோஸ் மடத்துக்குள் போக இரண்டு மணி நேர வரிசை, நாங்கள் பக்கத்துக் கோயிலோடு நிறுத்திக்கொண்டோம், அதற்குக் கட்டணம் இல்லை. நுழைந்ததும் வாஸ்கோ ட காமா கல்லறை. கொச்சியில் 1524இல் செத்து அங்கே புதைத்து, பிறகு எலும்பைக் கொண்டுவந்தது. எனக்கு அங்கே கை கூப்பத் தோன்றவில்லை. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலை ஆட்களோடு எரித்தவர் அவர். வெளியே ஆற்றோரமாகக் கப்பல் வடிவில் அந்தப் பெரிய நினைவுச் சின்னம், 1960இல் கட்டியது, அதில் வரிசையாக நிற்கிறவர்களில் சவேரியாரும் ஒருவர். அவர் 1541 ஏப்ரலில் இங்கிருந்துதான் கப்பல் ஏறினார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையில் விளையாடி வளர்ந்தவர் இவர். இந்த இரண்டு பேரையும் ஒரே கரையில் வைத்து நினைக்கும்போது மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை, அதை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

இவர் அங்கே நின்றுதான் சொன்னார், தமிழ் வார்த்தைகள் முதன்முதலில் அச்சேறியது இந்த ஊரில், 1554இல், ஒரு ஜெபப் புத்தகமாக. தமிழ் எழுத்து அச்சு அப்போது இல்லாததால் ரோமன் எழுத்தில். நம் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாக 1578 ஆனது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பக்கலாவ் என்று ஊரே கொண்டாடுவது கருவாடுதான், அதுவும் தங்கள் கடலில் கிடைக்காத மீனை நார்வேயிலிருந்து வாங்கி. கடை வாசலில் அந்த வாசனை வந்தபோது எங்களுக்குத் தூத்துக்குடி பஜார். ரொட்டிக் கடையில் 'பாவ்' என்று மூக்கால் கேட்டால் போதும், மும்பைக்காரர்களுக்கு அது சுலபம். பெலேமில் 1837லிருந்து விற்கிற முட்டைப் பணியாரத்துக்கு மேலே பட்டைப் பொடி தூவிச் சூடாகத் தருகிறார்கள், நான்கு சாப்பிட்டேன்.

கிளம்புகிற அன்று காலை திரும்பவும் நிலவறைக்கு இறங்கி, அம்மாவும் தாராவிச் சந்துக்காரர்களும் சொல்லியிருந்த வேண்டுதல்களை ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தோம். கோயிலை ஒட்டிய கடையில் ஒரு சின்ன மெழுகுதிரி வாங்கினேன். மும்பை வந்த செவ்வாய்க்கிழமை அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கே ஏற்றுவாள் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. முகத்தருகே பிடித்து மோந்து பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கல்யாணப் புடவைக்குள் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.