எதிர்க்கரை

நவம்பர் 14
தம்பிக்கு மலேரியா என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 15
கின்ஷாசாவில் என் மொட்டை மாடியில் நின்றால் காங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராசவில் தெரிகிறது. நபெம்பா கோபுரம் தெரிகிறது. அதற்கு எந்தப் பக்கம் அவன் படுத்திருக்கிறான் என்றுதான் தெரியவில்லை.

அம்மா போனில், "ரெண்டு பேரும் காங்கோவுலதானே இருக்கீங்க? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றாள். இது பெல்ஜியக்காரன் ஆண்ட காங்கோ, அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட காங்கோ, நடுவில் ஓடுவதற்கும் அதே பெயர். இதை எங்கே போய் விளக்க? சரிம்மா என்றேன்.

நவம்பர் 17
விசாவுக்குக் கொடுத்தாயிற்று. பத்து நாளாம். அவசரம் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

நவம்பர் 18
தூக்கம் இல்லை. கின்ஷாசாவிலிருந்து பிராசவில் எவ்வளவு தூரம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்த பதில்தான். துறைக்குத் துறை நாலு கிலோமீட்டர் அளவில். வேகப் படகில் கால் மணிக்குள் போய்விடலாம். விமான நிலையம் என்று பார்த்தால், இங்கே நிஜிலி, அங்கே மாயா மாயா, நேர்கோட்டில் 26 கிலோமீட்டர். பறக்க அரை மணிக்குச் சற்று மேல் என்று போட்டிருந்தது. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்துவிட்டு, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த அரை மணியைக் கழித்தால் 2 நிமிடம். பால் பொங்குவதற்குள் போய்விடலாம்.

அப்புறம் டிக்கெட் பார்த்தேன். அடிஸ் அபாபா வழியாம். இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அங்கே காத்துக் கிடந்து, வந்த 3,000-ஐத் திரும்பப் பறந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். விலையைக்கூடப் பார்த்துவிட்டேன். கார்டு எடுக்க எழுந்தபோதுதான் உறைத்தது, அப்படிப் போனாலும் அதே விசா வேண்டும்.

நவம்பர் 19
பேசினான். வாயெல்லாம் கசக்கிறதாம். நார்த்தங்காய் இருக்கிறதா என்று கேட்டான்.

நவம்பர் 21
போனை எடுக்கவில்லை. 11 தடவை.

நவம்பர் 22
தூங்கினானாம்! திட்டிவிட்டேன். வைத்த பிறகு அழுகை.

ராத்திரி மாடியில். அந்தக் கரையில் ஒரு பாலம் விளக்கு போட்டு மினுக்குகிறது. 1960 ஆகஸ்ட் 15 என்று அவர்களுடைய சுதந்திர நாளையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் அந்தக் கரையோரமாகவே போய் அந்தக் கரையிலேயே முடிகிறது. நம் பக்கம் வரவேண்டிய பாலம் பல வருஷமாகப் பேச்சிலேயே இருக்கிறது.

நவம்பர் 23
ஞாயிறு. சும்மா துறை வரைக்கும் போனேன். ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக மிதந்து போகிறது. இங்கே அதற்குப் பெயர் காங்கோ யா சிகா, புதுக் காங்கோ. இன்னொரு காங்கோ வேறயா!

நவம்பர் 24
காய்ச்சல் 101. நேற்று 103.

நவம்பர் 25
மறுபடி தூரம் தேடினேன். 26-தான்.

நவம்பர் 27
பத்து நாள் முடிந்தது. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

நவம்பர் 28
பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. மணி இரண்டேகால். சாயங்காலம் படகு கிடையாது, இப்போதே ஓட வேண்டும். நார்த்தங்காய் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றியிருக்கிறேன், எண்ணெய் கசிகிறது