மின்னஞ்சலில் தமிழ் சப்ஜெக்ட் உடையாமல் போக: பைத்தான் நிரல்மொழியில் செய்து பார்த்தது

சோதனைக்கு எடுத்த சப்ஜெக்ட் (தலைப்பு வரி): ‘நாளைய கூட்டம் 10 மணிக்கு’. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 62 பைட்.

மின்னஞ்சல் ஹெட்டரில் (சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற வரிகளில்) ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே செல்லும் என்ற பழைய ஏற்பாட்டுக்குள் மற்ற எழுத்துகளை அனுப்ப, 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணம் ஒரு உறை தருகிறது. =? என்று தொடங்கி ?= என்று முடியும் அந்த உறை மொத்தம் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8, பேஸ்64 (பைட்டை ஆஸ்கி எழுத்தாக மாற்றும் முறை) என்ற குறிப்புகளுக்கும் உறையின் குறிகளுக்குமே 12 போய்விடும். மீதி 63. பேஸ்64 மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்தாக நகர்வதால் பயன்படுவது 60, அதாவது 45 பைட்.

முதல் முயற்சி: முழுதையும் பைட்டாக்கி 45, 45 ஆக வெட்டியது. ‘ம’ வரை சரியாக வந்தது. அடுத்த ‘ண’வின் முதல் பைட் ஒரு உறையிலும் மீதி இரண்டு அடுத்த உறையிலும் விழுந்தன. திரையில் அந்த இடத்தில் கருப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. ‘ி’ அந்தரத்தில் நின்றது.

இந்தப் பிழை சோதனையில் எளிதில் மாட்டாது. தமிழ்க் குறி (‘ண’ போன்ற எழுத்து, ‘ி’ போன்ற துணைக்குறி, புள்ளி) ஒவ்வொன்றும் 3 பைட்; 45 என்பது சரியாக 15 குறி. இடைவெளி இல்லாத தமிழ்ச் சொல்லை எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் உடையாது. ஒரே ஒரு இடைவெளியோ எண்ணோ நுழைந்தால் கணக்கு நழுவும். ஆகவே சோதனை வரியில் இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

திருத்தம்: பைட்டை வெட்டாமல் எழுத்தாக எடுத்துச் சேர்த்து, அடுத்தது சேர்ந்தால் வரம்பு மீறுமா என்று பார்த்து உறையை மூட வேண்டும். உறை உள்ள வரிக்கு 76 எழுத்துதான் எல்லை. முதல் வரியில் ஹெட்டர் பெயரே (Subject, முக்காற்புள்ளி, இடைவெளி) 9 எழுத்தைத் தின்றுவிடுவதால் அங்கே 39 பைட்தான் கிடைக்கும். ‘நாளைய கூட்டம்’, அதன் பின்னுள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து 38. அந்த இடைவெளி உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அடுத்தடுத்த உறைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் படிக்கும் மென்பொருள் விழுங்கிவிடும்.

பேஸ்64க்கு மாற்றான கியூ முறையையும் பார்த்தாயிற்று; அதில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகும். ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து. ஓர் உறைக்கு 7 குறிதான். தமிழுக்கு பேஸ்64தான்.

அனுப்புநர் வரியில் பெயரை மட்டும் உறையில் இடுங்கள். முகவரியையும் சேர்த்துப் பொதிந்தால் சர்வருக்கு அது முகவரியாகவே தெரியாது. மேற்கோள் குறிக்குள் உறையை வைத்தாலும் பிரிக்கப்படாது. இணைப்புக் கோப்பின் பெயருக்கு விதியே வேறு: ஆர்எஃப்சி 2231, சதவீதக் குறி முறை.

கையால் எழுதுவது புரிந்துகொள்ளத்தான். நடைமுறைக்கு பைத்தானின் ‘இமெயில் மெசேஜ்’ வகுப்பில் தமிழை அப்படியே கொடுங்கள். வெட்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும்; ஹெட்டருக்குள் வரிமுறிவைத் திணித்தால் ஏற்காமல் பிழை எழுப்பும். அனுப்பும் முன் பைட்டாக எடுத்து ஒருமுறை கண்ணால் பாருங்கள்: முழுத் தமிழ்ச் சொல் என்றால் நான்கெழுத்துக்கு ஒருமுறை ‘4கே’ (4K) திரும்பத் திரும்ப வரும்.