வில்லங்கம் இல்லாத வில்லங்கச் சான்று

“வில்லங்கம் எதுவும் இல்லாமல் யாராவது வில்லங்கச் சான்று கேட்டு வருவார்களா அம்மா?” என்று கேட்டார் சார்பதிவக எழுத்தர். ஒரு நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் சான்று அது. கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. நிலத்தை விற்கப் போகிறீர்களா என்றார். இல்லை. வாங்கப் போகிறீர்களா? இல்லை. வங்கிக் கடனா, கோர்ட்டில் வழக்கா? இரண்டும் இல்லை. என் பூட்டியின், அதாவது தாத்தாவின் அம்மாவின், பெயர் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார். மணி பன்னிரண்டே கால்.

விஷயம் இதுதான். போன வருடம் தை அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் தம்பி தர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களை மடமடவென்று சொன்னான். அம்மா, பாட்டி பெயர்களையும் சொன்னான். அடுத்த பெயரைப் புரோகிதர் கேட்டபோது வாய் அடைத்துப்போய் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. அப்பாவின் தலைமுறையில் கேட்டுச் சொல்ல இப்போது ஆள் இல்லை. எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்கள் கோமதி, மீதிப் பாதி ஆவுடை. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தம்பி சமாதானம் சொன்னான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

வீட்டுப் பெட்டியில் இருந்தவை தாத்தா பெயரில் ஒரு பட்டா, நாலைந்து கிஸ்தி ரசீதுகள், பூச்சி அரித்த ஒரு ஜாதக நோட்டு. அவ்வளவுதான். பதிவுத்துறையின் இணையதளத்தில் எங்கள் ஊருக்கு 1975-இலிருந்துதான் வில்லங்கம் கிடைத்தது. அதில் அப்பா வாங்கிய கடனும் அடைத்த கடனும்தான் இருந்தன. அதற்கு முந்தையவற்றை நேரில் போய்த்தான் தேட வேண்டியிருந்தது.

முதல் பயணம் முழுக்க வீண். பொதிகையில் இரவெல்லாம் பயணம் செய்து, பல்கூடச் சரியாகத் துலக்காமல் பத்து மணிக்கு எங்கள் ஊருக்கான சார்பதிவகத்தில் போய் நின்றேன். கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: உங்கள் கிராமம் இந்த அலுவலகத்தின் கீழ் வந்ததே பின்னாளில்தான், பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்தில் இருக்கின்றன. இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்கத் தோன்றவில்லை. பூர்விகம் தேடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் இன்று எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நீங்கள் தேடும் வருடத்தில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். சார்பதிவகம் மட்டுமா? தாலுக்காவைப் பிரித்திருப்பார்கள், மாவட்டத்தையும் பிரித்திருப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் லாரி ஏறி இறங்கியிருக்கின்றன. “அது அங்கே இருக்கும்” என்று இரண்டு பக்கமும் கை காட்டுவதற்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை.

இரண்டாவது முறை தாய் அலுவலகத்துக்குப் போன நாள் வளர்பிறை முகூர்த்தம். படியேற முடியாத கூட்டம். முகூர்த்த நாளில் பத்திரம் பதியத்தான் எல்லோரும் வருவார்கள் என்பதால் அரசாங்கமே அன்று கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. மல்லிகைப்பூவும் புதுப் புடவையுமாக வந்தவர்களுக்கு நடுவில், 1930-க்குப் பக்கத்தில் ஒரு பத்திரம் வேண்டும் என்று கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நாலு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை காலண்டரைப் பார்த்து, அஷ்டமியும் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்த ஒரு நாளில் போனேன். அதுவும் ஆடி மாதம். ஈ, காக்கை இல்லை. பதிவறை உதவியாளரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பழைய ஆவணம் தேட நினைப்பவர்கள் பஞ்சாங்கத்தில் நல்ல நாளைப் பார்த்து, அந்த நாளில் மட்டும் போகாதீர்கள்.

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. அலுவலக வாசலில் உட்காரும் பத்திர எழுத்தர் ஒருவர் எங்கள் ஊர்க்காரராம். அன்று இரவே பெரியப்பா மகன் அழைத்தார்.

“என்னம்மா, பழைய பத்திரம் எல்லாம் தேடுகிறாயாமே. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“பூட்டி பேரு தெரியணும் அண்ணா” என்றேன்.

“சரி, சரி” என்றார். அந்த இரண்டாவது ‘சரி’யில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் வந்த பிறகு, பழைய பத்திரம் கேட்டு வரும் பெண் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். தேடத் தொடங்கும் முன்பே பங்காளிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் மூன்று மாதம் சித்தி வீட்டில் காபி கிடைக்கவில்லை.

அலுவலகத்திலும் அதே சந்தேகம்தான். சொத்தில் சம்பந்தம் இல்லாதவர்களுக்கு நகல் தர முடியாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் ஒன்றாம் புத்தகத்தைக் கட்டணம் கட்டும் யாரும் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்கிறது. சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகத்துக்கும், அசையாச் சொத்தில் சேராத மற்றப் பத்திரங்கள் இருக்கும் நான்காம் புத்தகத்துக்கும்தான். ஒரு தாளில் அந்தப் பிரிவை அச்சடித்துக் கையில் வைத்திருந்தேன். வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். “மனுவில் காரணம் என்ற இடத்தில் ‘சொந்தத் தேவை’ என்று எழுதுங்கள்” என்றார். தோற்றவர் சொல்லும் தொனியில் சொல்லவில்லை, ஏதோ சலுகை காட்டுகிறவர் போலச் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த தடை சர்வே எண். கையால் எழுதிய பழைய அட்டவணையில் தேட அது வேண்டும். என்னிடம் இருந்த பட்டாவில் இருப்பதோ 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு வந்த எண். 1930-களின் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினால் வேறு யாருடைய காடோதான் கிடைக்கும். பழைய எண்ணுக்குத் தாலுக்கா அலுவலகம் போனால், “யு.டி.ஆருக்கு முந்தியது எங்களிடம் இல்லை” என்றார்கள். சொன்னவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவை என்ன என்று கேட்டேன். “அதெல்லாம் பழசு” என்றார்.

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். கேள்வியை நீட்டி முழக்கவில்லை. இந்தக் கிராமத்தில் இந்தப் புதிய எண்ணுக்கு உரிய பழைய புல எண் எது, அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும், அவ்வளவுதான். சட்டப்படி முப்பது நாள். இருபத்தொன்பதாம் நாள் தபால் வந்தது. இல்லாத பதிவேட்டிலிருந்து எடுத்த நகல், முத்திரையோடு, தெளிவாக.

நடுவில் ஜாதக நோட்டு என்னை ஒரு சுற்றுச் சுற்ற விட்டது. தாத்தா பிறந்த வருடம் ‘பிலவ’ என்று இருந்தது. அதன்படி 1901. பிறப்புப் பதிவில் தாயின் பெயர் இருக்காதா என்ற ஆசையில் 1901-க்கு மனுப் போட்டு, பணம் கட்டி, பதிவு இல்லை என்று பதில் வாங்கினேன். பிறகு ஒரு நாள் சன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தால், ‘பிலவ’வுக்குப் பக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரு ‘ங்க’ போயிருக்கிறது. பிலவங்க வருடம், அதாவது 1907. ஆறு வருட வித்தியாசத்தைப் பூச்சி தின்றுவிட்டது. 1907-க்கு மறுபடி மனுப் போட்டேன். அந்த வருடக் கட்டே இல்லை.

ஆக, நிலம்தான் கதி என்று அட்டவணைப் புத்தகங்களுக்குத் திரும்பினேன். முதலில் பெயர் அட்டவணையில் பூட்டன் பெயரைத் தேடியது பெரிய தவறு. எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான். பங்காளிகள் வீட்டிலும் அப்படியே. ஒரே தாத்தாவின் நாலு மகன்கள் தங்கள் மூத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர். அப்பாக்களின் பெயரையும் வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். 1912-இல் ஒரு ஒத்திப் பத்திரம் கிடைத்தது. பெயரும் சரி, தகப்பனார் பெயரும் சரி. இரண்டு வாரம் அவரை என் பூட்டனாகவே கொண்டாடினேன். பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படித்த பிறகுதான், மேற்கு எல்லையில் இருக்கும் நிலத்துக்காரராக என் பூட்டன் நிற்கிறார் என்று தெரிந்தது. நான் கொண்டாடியவர் பக்கத்து நிலத்துப் பங்காளி! ஆளைப் பெயரால் தேடாதீர்கள், நான்கு எல்லையால் தேடுங்கள். மனிதர்களின் பெயர் மாறி மாறி வரும், கிணறும் ஓடையும் அங்கேயேதான் இருக்கும்.

பழைய எழுத்தைப் படிப்பதும் தனி வேலை. புள்ளி கிடையாது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் கிடையாது. ‘௸’ என்று ஒரு சுழி வரிக்கு வரி வந்தது. யாரோ ஒருவருடைய கையெழுத்துச் சுருக்கம் என்று நினைத்தேன். பதிவறை உதவியாளர் சிரித்துக்கொண்டே “அது மேற்படி அம்மா” என்றார். ‘கஎஉ’ என்று எழுதியிருந்ததை ஒரு சொல்லாகப் படித்துத் திணறினேன். அது தமிழ் எண்ணில் 172. இதையெல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முன்னால் மேசையில் இருப்பவர்களைவிடப் பின்னால் தூசியில் இருப்பவரிடம் பணிவாகப் பேசுங்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பழைய எண்ணை வைத்துச் சொத்து அட்டவணையில் தேடியபோது நாற்பது நிமிடத்தில் கிடைத்தது. கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1109-ஆம் வருடம், மாசி மாதம். 1109-உடன் 825-ஐக் கூட்டினால் 1934. எழுதிக் கொடுத்தவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு பெண் பெயர். எழுதி வாங்கியவர் என் தாத்தா, ‘மேற்படியாள் குமாரர்’.

அவள் பெயர் கோமதி இல்லை. ஆவுடையும் இல்லை. எங்கள் பக்கத்தில் நான் கேட்டே இராத பெயர். அதை இங்கே எழுதவில்லை. ஊரையும் எண்ணையும்கூடச் சொல்ல மாட்டேன். பழைய பத்திர விவரங்களை வைத்து ஆள்மாறாட்டம் செய்து நிலம் விற்பவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் உங்களுடையதை எங்கேயும் போடாதீர்கள். ஆனால் அந்தப் பெயர் ஏன் அப்படி என்பதைப் பத்திரமே சொன்னது. ‘என் தகப்பனார் எனக்கு மஞ்சள்காணியாகக் கிரயம் வாங்கிக் கொடுத்து நாளது வரை என் அனுபவத்தில் இருந்து வருகிற’ நிலம். மஞ்சள்காணி என்றால் மகளுக்குச் சீராகக் கொடுக்கும் நிலம். அடுத்த வரியில் தகப்பனாரின் பெயரும் ஊரும். ஊர் செங்கோட்டைத் தாலுக்கா. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. கல்யாணமாகி அந்தச் சமஸ்தானத்திலிருந்து வந்தவள் அவள். கடைசியில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், புத்தகத்தில் படியெடுத்த குமாஸ்தா ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதியிருந்தார். அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் ஒன்றும் சொல்லவில்லை, மின்விசிறியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

சான்றிட்ட நகல் பத்து நாளில் வந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் சொத்து விவரம் இருக்கும் கடைசிப் பக்கம் இல்லை. பக்கங்களை அங்கேயே கவுண்டரில் எண்ணியிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. கேட்கவில்லை. திரும்பப் போய்ச் சண்டை போட்டு அந்தப் பக்கத்தையும் வாங்கி வந்தேன்.

தம்பியிடம் தொலைபேசியில் பெயரைச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான். பெரியப்பா மகனுக்கும் மரியாதைக்காக முழு நகலை அனுப்பினேன். பார்த்தீர்களா அண்ணா, பெயருக்காகத்தான் தேடினேன் என்று சேர்த்து எழுதினேன். ரொம்ப சந்தோஷம் என்று பதில் வந்தது. அரை மணி நேரத்தில் அவரே அழைத்தார்.

“கடைசிப் பக்கத்தைப் படித்தாயா அம்மா? மேலக் கிணற்றில் கால் பங்கு நமக்கு என்று போட்டிருக்கிறதே. அந்தக் கிணற்றை இப்போது முழுக்க அவர்கள்தானே அனுபவிக்கிறார்கள். நீ ஒன்று செய், 1934-இலிருந்து இன்று வரைக்கும் ஒரு வில்லங்கம் போட்டு வாங்கிவிடு. அங்கேதான் உனக்கு எல்லோரையும் தெரியுமே.”