டிவிடி பிளேயரில் படம் வராதபோது எங்கே பார்க்க வேண்டும்

திருகோணமலையில் பல வீடுகளில் டிவிடி பிளேயர் இன்னும் வரவேற்பறையில் இருப்பதற்குக் காரணம் புதுப் படங்கள் அல்ல. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று குடும்பத்தின் முக்கியமான நாட்களெல்லாம் இறுவட்டுகளில்தான் இருக்கின்றன. இன்று உயிரோடு இல்லாதவர்களின் குரலைக் கேட்பதற்கு அந்த இறுவட்டைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளும் உண்டு. ஆகவே, படம் வரவில்லை என்றவுடன் பிளேயரைக் கழித்துவிடுவதையும் இறுவட்டைக் குப்பையில் போடுவதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. கோளாறு வயரிலா, அமைப்பிலா, இறுவட்டிலா, லென்சிலா என்று பிரித்தறிவதற்குப் பெரும்பாலும் ஒரு திருப்புளிகூடத் தேவைப்படாது.

முதலில் நிறம். உப்புவெளியில் எங்கள் அயலில் இருக்கும் ஓர் அம்மா, கனடாவிலிருந்து வந்த இறுவட்டைப் போட்டுவிட்டு, "தம்பி, மகள்ட கலியாணம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுது, கூறைச் சீலை என்ன நிறமெண்டே விளங்கேல்லை" என்று கவலைப்பட்டார். இறுவட்டில் ஒரு குறையும் இல்லை. கனடாவில் டிவிடிகளுக்குப் பயன்படுவது என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சிப் பட முறை. இலங்கையில் பால் (PAL) முறை. பால் முறையில் 625 வரிகள், விநாடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சியில் 525 வரிகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பால் முறை மட்டுமே தெரிந்த பழைய பெட்டித் தொலைக்காட்சி மற்றதன் நிறத்தைப் பிரித்தெடுக்க முடியாமல் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், அல்லது படம் மேலும் கீழுமாக உருளும். பிளேயரின் அமைப்பு மெனுவில் தொலைக்காட்சி வகை 'ஆட்டோ' என்றிருந்தால் அதைப் 'பால்' என்று மாற்றினால், பெரும்பாலான பிளேயர்கள் தாமே மாற்றிக் கொடுத்துவிடும். சில ரிமோட்டுகளில் இதற்கென்றே 'பி/என்' என்று ஒரு பொத்தான் உண்டு. இறுவட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பல பிளேயர்கள் இந்த மாற்றத்தை ஏற்பதில்லை என்பதால், அதை வெளியே எடுத்துவிட்டுச் செய்வது நல்லது.

கடையில் வாங்கிய படங்களுக்கு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் வலய எண் என்ற இன்னொரு தடையும் இருக்கலாம். கனடாவுக்கு 1, பிரித்தானியாவுக்கு 2, அவுஸ்திரேலியாவுக்கு 4, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 5. கலியாண வீடியோக்காரர் பதிந்து கொடுத்த இறுவட்டில் பொதுவாக இந்தப் பூட்டு இருப்பதில்லை.

உள்ளூர் இறுவட்டும் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் செருகியைப் பச்சைத் துளையில் செருகியிருந்தால் நிறம் போய்விடும். பச்சை வழியாகச் செல்வது வெளிச்சத்தின் தகவல் மட்டுமே, நிறம் நீலத்திலும் சிவப்பிலும் செல்கிறது. மஞ்சள் வயர் மட்டும் பூட்டியிருக்கும்போது பச்சை, நீலம், சிவப்பு வயர்களுக்கான 'புரோகிரசிவ்' என்பதை மெனுவில் தெரிவுசெய்துவிட்டால், பல பிளேயர்களில் படமே மறைந்துவிடும்.

நம்முடைய ஊரில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பக்கமும் கடல். உப்புக்காற்றும் மாரிகாலத்து ஈரமும் செருகிகளின் மேல் மங்கலான ஒரு படலத்தை ஏற்றிவிடுகின்றன. வயரைச் சற்று அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், செருகியைக் கழற்றி உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, திரும்பச் செருகும்போது இடமும் வலமுமாக இரண்டொரு தடவை திருக வேண்டும். பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இனி இறுவட்டு. டிவிடியில் தகவல் பதிந்த தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீற்றர், சீடியில் அது 1.6. ஒரு விரலடையாளம் ஆயிரக்கணக்கான தடங்களை ஒரே நேரத்தில் மூடிவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டுமே தவிர, வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஆங்காங்கே சிதறிய இழப்பைப் பிளேயர் தானே கணக்கிட்டு ஈடுசெய்துகொள்ளும். ஆனால் தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியான தகவலை அழித்துவிடுவதால் அங்கே எதுவும் செய்ய முடியாது. அழுக்கு அதிகமென்றால் தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். தின்னரும் பெற்றோலும் பிளாஸ்டிக்கையே கெடுத்துவிடும்.

படம் எங்கே நிற்கிறது என்பதும் ஒரு தடயம். வாசிப்பு நடுவிலிருந்து தொடங்குவதால், இறுவட்டே இல்லை என்று பிளேயர் சொன்னால் உள்வட்டத்தையும், விழாவின் கடைசிப் பகுதியில் மட்டும் திக்கினால் விளிம்பையும் பார்க்க வேண்டும். 8.5 ஜிகாபைட் கொண்ட இரட்டை அடுக்குப் படத்தில் இடைநடுவே ஒரு கணம் நின்று தொடர்வது ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறுவதால். அது பழுது அல்ல.

தொழிற்சாலையில் அச்சிட்ட இறுவட்டு ஓடி, வீட்டில் பதிந்தது மட்டும் ஓடாவிட்டால் லென்ஸ் பகுதியிலுள்ள லேசர் வலுவிழந்திருக்கலாம், அல்லது பதிந்த சாயம் வெளிறியிருக்கலாம். பதியும் இறுவட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படை. வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் அது மெல்ல மெல்ல அழியும். சீடி ஓடுகிறது, டிவிடி ஒன்றுமே ஓடவில்லை என்றால் சந்தேகம் லென்ஸ் பகுதியின் மேல்தான்: டிவிடிக்கு 650 நனோமீற்றர் சிவப்பு லேசர், சீடிக்கு 780 நனோமீற்றர். ஒன்று தேய்ந்து மற்றது உழைப்பது வழக்கம்.

மழை நாளில் திடீரென்று வாசிக்காமல் போனால் இறுவட்டு இல்லாமல் பிளேயருக்கு ஒரு மணி நேரம் மின்னைப் போட்டு வையுங்கள். லென்சில் படிந்த ஈரம் உலர்ந்துவிடலாம். மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகுதான், அப்போதும் மின் பகுதியைத் தொடக்கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால், ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடைக்க வேண்டும்.

இவை எல்லாம் சரிவந்து ஒரு தடவை படம் ஓடிவிட்டால், அன்றைக்கே அந்த இறுவட்டைக் கணினியில் போட்டு, அதிலுள்ள வீடியோ கோப்புறையை முழுதாக இரண்டு இடங்களுக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். பாதியில் நின்றால் கைவிடாமல் வேறொரு கணினியின் டிரைவில் முயலுங்கள்; ஒரு டிரைவ் வாசிக்க மறுத்ததை இன்னொன்று மெதுவாகவேனும் வாசித்துவிடுவதுண்டு.