தம்பியின் முழங்கால்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். விடியற்காலையில் பையன்கள் ஓடுவதும் வழக்கம்தான். லீவில் வந்தால் அவர்களுக்கு முன்னால் ஓடுகிறவன் என் சித்தப்பா மகன்; ராணுவத்தில் நாயக் பதவியில் இருக்கிறான். இந்த முறை திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறான்.

பயிற்சியில் பள்ளம் தாண்டும்போது லிகமென்ட் கிழிந்துவிட்டது. பிபிஇடி என்பார்கள், ராணுவத்தின் உடல்தகுதித் தேர்வு: துப்பாக்கி, மூட்டையோடு 5 கிலோமீட்டர் ஓட்டம், கயிறு ஏறுவது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது எல்லாம் உண்டு. இப்போது முழுத் தகுதி என்கிற ஷேப்-1 தரம் போய், 24 வாரத்துக்குத் தற்காலிகமாக மருத்துவத் தரம் இறங்கியிருக்கிறது. அதுவரை ஓட்டம் கிடையாது. அடுத்த பதவியான ஹவில்தார் ஆவதற்கான கேடர் பயிற்சிக்கு இந்தத் தடவை அவன் பேர் போகவில்லை. கூடச் சேர்ந்தவன் போகிறான்.

"காலு சரியாயிடும்ணா. சீனியாரிட்டி போனா வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காயம் டியூட்டியில் பட்டது என்று எழுதி வாங்கினாயா என்று மட்டும் கேட்டேன். நல்லவேளை, வாங்கியிருக்கிறான். பலர் வலியில் அதை விட்டுவிடுகிறார்கள்.

சித்தி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "மறுபடியும் மெடிக்கல் போர்டு எப்பன்னு சொல்லு, அதுக்குள்ள உருவி விட்டுடறேன்." அவன் ஐஸ் பையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.